தடய அறிவியல் முதுநிலைப் படிப்பு: முடித்துப் பணியில் இருப்பவரின் மதிப்புரை

வேதியியலில் இளநிலைப் பட்டம் பெற்ற பிறகு இரண்டாண்டு தடய அறிவியல் முதுநிலைப் படிப்பை முடித்து, இப்போது ஓர் ஆய்வகத்தின் நச்சியல் பிரிவில் பணியாற்றி வருகிறேன். சேர வேண்டுமா வேண்டாமா என்று கேட்பவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லிவந்ததை ஒரே இடத்தில் எழுதிவைப்பது பயன்படும் என்பதால் இந்த மதிப்புரை. படித்த துறையின் பெயரைக் குறிப்பிடவில்லை. நான் சுட்டும் குறைகள் பல பல்கலைக்கழகங்களிலும் இருப்பவை. ஒரு துறையை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இது படிக்கத் தகுந்த படிப்பு. ஆனால் அதன் மதிப்பு அறிமுகக் கையேட்டின் வண்ணப் படங்களில் தெரியும் இடத்தில் இல்லை. ஒரு சான்று எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவை மட்டும் சொல்லவும், அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்காமல் நிறுத்தவும் மாணவருக்குப் பழக்குகிறதா என்பதை வைத்தே இத்தகைய படிப்பை அளக்க வேண்டும்.

முதல் பருவம் பெரும்பாலும் பொதுத்தாள்களால் ஆனது. தடய அறிவியலின் வரலாறு, சட்ட அடிப்படைகள், குற்றம் நடந்த இடத்தின் ஆய்வு, சான்றுப்பொருளைச் சேகரித்து முத்திரையிட்டு அனுப்பும் முறை ஆகியவை அதில் அடங்கும். 1909-இல் சுவிட்சர்லாந்தின் லொசான் பல்கலைக்கழகத்தில் ருடால்ஃப் ஆர்ச்சிபால்ட் ரைஸ் இத்துறைக்கெனத் தனி நிறுவனம் தொடங்கியதையும், 1910-இல் பிரான்சின் லியோன் நகர நீதிமன்றக் கட்டடத்தின் மேல்மாடத்தில் எட்மண்ட் லோகார் தம் ஆய்வகத்தை அமைத்ததையும் ஆசிரியர் அக்கறையோடு விளக்கினார். 1897-இல் கல்கத்தாவில் விரல்ரேகை அலுவலகம் தொடங்கியதும், பிறகு காவல்துறை அதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயரால் உலகெங்கும் பரவிய வகைப்பாட்டு முறையை உருவாக்குவதில் அஸிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் ஆகியோர் ஆற்றிய பங்கும் ஒரே வரியில் கடந்துபோயின. அந்த வரிக்குப் பின்னால் இருக்கும் உழைப்புக்கு ஒரு முழு வகுப்பு தகும் என்றே இன்றும் நினைக்கிறேன்.

இரண்டு பொருள்கள் தொட்டுக்கொண்டால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏதாவது இடம்மாறும் என்ற லோகாரின் கோட்பாட்டை எல்லா இடத்திலும் கற்பிக்கிறார்கள். எங்கள் ஆசிரியர் அதோடு நிறுத்தவில்லை. இடம்மாறிய இழையோ கண்ணாடித் துகளோ எவ்வளவு நேரம் அங்கேயே தங்கும், உடுத்தியவர் நடந்தால் எவ்வளவு உதிரும், மூன்றாமவர் வழியாக வந்து சேர வாய்ப்புண்டா என்ற கேள்விகளை எழுப்பி, கம்பளித் துணியிலிருந்து பருத்திச் சட்டைக்கு மாறும் இழைகளை நாங்களே நேரம் குறித்து எண்ணும்படி செய்தார். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒட்டுநாடாவும் நுண்ணோக்கியும் போதும். சில மணி நேர நடமாட்டத்தில் பெரும்பாலான இழைகள் உதிர்ந்துவிடுவதைத் தன் கண்ணால் பார்த்த மாணவர், 'தடயம் கிடைக்கவில்லை, ஆகவே தொடர்பு இல்லை' என்று ஒருநாளும் அவசரப்பட்டு எழுத மாட்டார்.

துறையின் பெருமையாக முன்வைக்கப்படுவது, குற்றம் நடந்த இடம்போல் அமைத்திருக்கும் பயிற்சி வீடு. செயற்கைக் குருதித் தெறிப்பு, உடைந்த சன்னல், காலடித் தடம் எல்லாம் அங்கே உண்டு. ஒளிப்படம் எடுப்பது, அளவுகோல் வைப்பது, வரைபடம் தீட்டுவது, எதை முதலில் எடுப்பது என்று முடிவெடுப்பது ஆகியவற்றைப் பழக அது நல்ல இடம். ஆனால் அதற்குக் கொடுக்கும் விளம்பரம் மிகையானது. பல நாடுகளில் நிகழ்விடத்துக்குச் செல்பவர்கள் காவல்துறையினராகவோ அதற்கெனத் தனியாகப் பயிற்சி பெற்ற பணியாளர்களாகவோ இருக்கிறார்கள். முதுநிலைப் பட்டம் பெற்ற அறிவியலாளரின் பணிநேரம் பெரும்பாலும் ஆய்வக மேசையிலும் கணினித் திரையின் முன்னும்தான் கழிகிறது. அந்த வீட்டைப் பார்த்து மனம் மயங்கிச் சேர்ந்த நண்பர்கள் சிலர் இரண்டாம் பருவத்தில் கரைப்பான்களையும் அளவீட்டு வரைகோடுகளையும் சந்தித்தபோது மிகவும் வாடிப்போனார்கள். சேர்வதற்கு முன்பே இதை எடுத்துச் சொல்வது துறையின் கடமை.

நான் மனமாரப் பாராட்டுவது கருவிமுறைப் பகுப்பாய்வுத் தாளை. போதைப்பொருள் என்று ஐயப்படும் தூளுக்கு முதலில் நிறமாற்றச் சோதனை, பிறகு மெல்லிய படல வண்ணப்பிரிகை, பிறகு கலவையின் கூறுகளைப் பிரித்து ஒவ்வொன்றையும் அடையாளம் காட்டும், வாயு வண்ணப்பிரிகையும் நிறைநிறமாலைமானியும் இணைந்த கருவி என்று படிப்படியாகச் செல்ல வைத்தார்கள். முதல் சோதனை ஐயத்தை எழுப்புவதற்கு மட்டுமே, உறுதிப்படுத்துவதற்கு அன்று என்பதை ஒவ்வொரு அறிக்கையிலும் எழுதச் சொன்னார்கள். நிறமாற்றச் சோதனையில் போதைப்பொருளைப் போலவே நிறம் காட்டும் அன்றாடப் பொருள்கள் சிலவற்றைப் பெயர் சொல்லாமல் கலந்து கொடுத்தார்கள். அந்த வகுப்புக்குப் பிறகு 'நிறம் மாறியது' என்பதும் 'இன்ன பொருள் இருக்கிறது' என்பதும் வேறு வேறு செய்திகள் என்பதை யாரும் எங்களுக்கு மீண்டும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதே தாளில் 1836-இல் வெளியான ஜேம்ஸ் மார்ஷின் ஆர்செனிக் சோதனையையும், கணவருக்கு ஆர்செனிக் கொடுத்ததாக மனைவி மீது 1840-இல் பிரான்சில் நடந்த லஃபார்ஜ் வழக்கில் நச்சியல் அறிஞர் மத்தேயு ஓர்ஃபிலா அளித்த சாட்சியத்தையும் எடுத்துக்கொண்டு ஆசிரியர் ஒரு நீண்ட விவாதம் நடத்தினார். மார்ஷ் சோதனைக்குத் தேவையான துத்தநாகத்திலும் கந்தக அமிலத்திலுமே ஆர்செனிக் மாசாக இருக்கக்கூடும். ஆகவே மாதிரி எதையும் சேர்க்காத வெற்றுச் சோதனையை முதலில் நடத்தாவிட்டால், கண்டுபிடித்த நஞ்சு இறந்தவரின் உடலிலிருந்து வந்ததா, வேதிப்பொருள் புட்டியிலிருந்து வந்ததா என்று சொல்ல முடியாது. இன்று லட்சக்கணக்கில் விலைபெறும் கருவிகளிலும் நிலைமை இதுவே. முந்தைய மாதிரியின் எச்சம் அடுத்த ஓட்டத்தில் தலைகாட்டலாம். அதனால் இரண்டு மாதிரிகளுக்கு இடையே வெற்று ஓட்டம் வைக்காத மாணவரின் முடிவு எவ்வளவு அழகாக இருந்தாலும் மதிப்பெண் கிடையாது என்ற விதி எங்கள் ஆய்வகத்தில் இருந்தது. அப்போது கடுமையாகத் தோன்றிய அந்த விதிதான் இன்று என் அன்றாடப் பணியின் அடித்தளம்.

நச்சியல் தாளின் ஆழமும் குறிப்பிடத்தக்கது. உயிரோடு இருப்பவரின் குருதியில் ஒரு மருந்தின் அளவைக் கணிப்பதற்கும் இறந்தவரின் குருதியில் கணிப்பதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. இறப்புக்குப் பிறகு சில மருந்துகள் கல்லீரல், நுரையீரல், இதயத் தசை ஆகியவற்றிலிருந்து அருகிலுள்ள குருதிக்குள் கசிகின்றன. இதயக் குருதியை மட்டும் ஆய்ந்தால், அளவாக மருந்து உண்டவரும் மிகையாக உண்டு இறந்தவராகத் தோன்றக்கூடும். தொடைச் சிரையிலிருந்து குருதி எடுக்கச் சொல்வது இதனால்தான். சாராயத்தின் நிலை இன்னும் சிக்கலானது. அழுகத் தொடங்கிய உடலில் நுண்ணுயிர்களே சாராயத்திலுள்ள எத்தனாலை உண்டாக்கும் என்பதால், கண்விழிக்குள் இருக்கும் கூழ்மநீரிலும் சிறுநீரிலும் ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே 'குடித்திருந்தார்' என்ற முடிவுக்குப் போக முடியும். ஓர் எண்ணை மட்டும் கொடுத்து, அதற்கு நாங்கள் எழுதும் விளக்கத்தைக் கிழித்துக் கேள்வி கேட்கும் வகுப்புகள் இந்தத் தாளில் இருந்தன. கருவி தரும் எண்ணையும் அதன் பொருளையும் வேறுபடுத்திப் பார்க்கும் பழக்கம் அங்கேதான் வந்தது.

டி.என்.ஏ. தாள் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. அலெக் ஜெஃப்ரீஸ் 1984-இல் லெஸ்டரில் கண்டறிந்த முறையை மரியாதையோடு அறிமுகப்படுத்திய ஆசிரியர், அது முதலில் பெரிய அளவில் பயன்பட்ட கொலை வழக்கில் நடந்ததை வலியுறுத்திச் சொன்னார்: இரண்டு சிறுமியரின் கொலைகளில் ஒன்றைத் தானே செய்ததாக ஒப்புக்கொண்டிருந்த இளைஞரை அந்தச் சோதனை முதலில் விடுவித்தது, உண்மைக் குற்றவாளி அதன் பிறகே சிக்கி 1988-இல் தண்டனை பெற்றான். இந்த வரிசையை மாணவர் மறக்கக்கூடாது. ஒருவரைச் சேர்ப்பதற்கு இந்த அறிவியல் எவ்வளவு பயன்படுகிறதோ அதே அளவு விலக்குவதற்கும் பயன்படுகிறது. ஆய்வகத்துக்குக் கோப்பை அனுப்பியவரின் எதிர்பார்ப்பு எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் ஆய்வாளர் சாயக்கூடாது.

அதே தாளில் ஹைல்பிரான் நகர விவகாரத்தைப் பற்றி எழுதச் சொன்ன பணியை இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் ஆகிய நாடுகளில் பற்பல குற்ற இடங்களிலிருந்து ஒரே பெண்ணின் டி.என்.ஏ. கிடைத்துக்கொண்டே இருந்தது, 2007-இல் ஹைல்பிரானில் நடந்த காவல் அலுவலர் கொலையிலும் அதே டி.என்.ஏ. வடிவம். கடைசியில் 2009-இல் தெரியவந்தது, மாதிரி எடுக்கப் பயன்பட்ட பஞ்சுக்குச்சிகளைத் தயாரிக்கும் பணியில் இருந்த பெண் ஒருவரின் டி.என்.ஏ. அது என்பது. குச்சிகள் நுண்ணுயிர் நீக்கப்பட்டவைதான். ஆனால் நுண்ணுயிர்களைக் கொல்வது வேறு, டி.என்.ஏ.வை அகற்றுவது வேறு. இத்தகைய பொருள்களில் மனித டி.என்.ஏ. கலப்பைக் குறைப்பதற்கென ஐ.எஸ்.ஓ. 18385 என்ற தரநிலை 2016-இல் வெளியானது. பயன்படுத்தாத குச்சி ஒன்றையும் சேர்த்து ஆய்வுக்கு அனுப்பும் வழக்கம் ஏன் தேவை என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி எனக்குத் தெரியவில்லை.

இத்துறையில் கடினமான கேள்வி இப்போது 'யாருடைய டி.என்.ஏ.' என்பதிலிருந்து 'அது எப்படி அங்கே வந்தது' என்பதற்கு மாறியிருக்கிறது. மிகக் குறைந்த அளவிலிருந்தும் வடிவம் எடுக்கும் திறன் வளர்ந்துவிட்டதால், கைகுலுக்கியவரின் செல்கள் மூன்றாமவர் தொட்ட பொருளில் கிடைப்பதும் நடக்கும். ஒரே மாதிரியில் மூவர், நால்வரின் டி.என்.ஏ. கலந்திருந்தால் அதை மென்பொருள்வழி நிகழ்தகவுக் கணக்கால் பிரிக்க வேண்டியிருக்கிறது. எங்கள் துறை இந்தப் பகுதியைச் செய்முறையில் தொடவேயில்லை. ஒரு விரிவுரையோடு முடித்துக்கொண்டது. இன்றைய ஆய்வகங்களில் அன்றாடம் எதிர்ப்படுவது கலப்பு மாதிரிகள் என்னும்போது இது சிறிய குறை அன்று.

அதைவிடப் பெரிய குறை புள்ளியியல். இரண்டாண்டுப் படிப்பில் அதற்குத் தனித்தாள் இல்லை; ஆய்வுமுறையியல் என்ற தாளின் ஒரு மூலையில் அது அடங்கிக் கிடந்தது. தடய அறிவியலில் புள்ளியியல் என்பது வாதத்தின் முதுகெலும்பு. ஓர் எடுத்துக்காட்டு போதும். நிகழ்விடத்தில் கிடைத்த டி.என்.ஏ. வடிவம் பத்து லட்சம் பேரில் ஒருவருக்கே இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒருவரின் வடிவம் அதோடு பொருந்துகிறது. 'அவர் குற்றமற்றவராக இருப்பதற்குப் பத்து லட்சத்தில் ஒரு வாய்ப்புதான்' என்று சொல்வது இயல்பாகத் தோன்றும்; ஆனால் அது தவறு. ஒரு கோடி பேர் வாழும் பகுதியில் அந்த வடிவம் ஏறக்குறையப் பத்துப் பேருக்கு இருக்கும். வேறு எந்தச் சான்றும் இல்லாத நிலையில் இவர் அந்தப் பத்துப் பேரில் ஒருவர் என்பதே அந்த எண் சொல்லும் செய்தி. சான்று இவரிடமிருந்து வந்திருந்தால் இப்படிப்பட்ட முடிவு கிடைக்க எவ்வளவு வாய்ப்பு, வேறொருவரிடமிருந்து வந்திருந்தால் எவ்வளவு வாய்ப்பு என்ற இரண்டையும் ஒப்பிட்டு, அந்த விகிதத்தை மட்டும் தெரிவிப்பதே நிபுணரின் வேலை. குற்றவாளியா இல்லையா என்று சொல்வது நீதிமன்றத்தின் வேலை. இந்த எல்லைக்கோட்டை நான் தெளிவாகப் புரிந்துகொண்டது பணியில் சேர்ந்த பிறகு மூத்த ஆய்வாளர் ஒருவரிடமிருந்து. ஒரு முதுநிலைப் படிப்பு இதைப் பணியிடத்துக்கு விட்டுவைப்பது சரியன்று.

விரல்ரேகை, கையெழுத்து, காலணித் தடம், துப்பாக்கிக் குண்டின் வரித்தடம் ஆகியவற்றை ஒப்பிடும் தாளில் ஆசிரியர் காட்டிய நேர்மை வேறு எங்கும் எளிதில் கிடைக்காது என்று நம்புகிறேன். அவரே விரல்ரேகைப் பணியில் நெடுங்காலம் இருந்தவர். இருந்தும் 2004-ஆம் ஆண்டு மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பு வழக்கை முதல் வகுப்பிலேயே எடுத்துக்கொண்டார். கிடைத்த ரேகை ஓர் அமெரிக்க வழக்கறிஞருடையது என்று அந்நாட்டுப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் நிபுணர்கள் உறுதியாகச் சொன்னார்கள். ஸ்பெயின் காவல்துறை அது வேறொருவருடையது என்று கண்டறிந்த பிறகு எஃப்.பி.ஐ. மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. இதைத் தொடர்ந்து, நிபுணர்களின் முடிவெடுக்கும் முறையை ஆயும் இட்டியல் டிரோரின் குழுவினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வையும் படிக்க வைத்தார். ஐந்து நிபுணர்களிடம், அவர்களே முன்பு பொருந்துகிறது என்று முடிவு சொல்லியிருந்த ரேகை இணையை, அது அந்தப் புகழ்பெற்ற தவறான அடையாள வழக்கைச் சேர்ந்தது என்று சொல்லி மீண்டும் கொடுத்தபோது, நால்வர் தங்கள் முந்தைய முடிவிலிருந்து மாறினார்கள். ரேகை மாறவில்லை, சுற்றிச் சொல்லப்பட்ட கதைதான் மாறியது.

நிபுணரின் நேர்மையில் ஐயமில்லாதபோதும் அவர் அறியாமலேயே முடிவு சாயக்கூடும் என்பதற்கு இதைவிட வலுவான பாடம் இல்லை. அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் 2009 அறிக்கை, டி.என்.ஏ. தவிர்ந்த பல முறைகளுக்குப் போதிய அறிவியல் அடித்தளம் நிறுவப்படவில்லை என்று சொன்னதையும், அந்நாட்டுக் குடியரசுத் தலைவரின் அறிவியல் ஆலோசனைக் குழுவின் 2016 அறிக்கை, விரல்ரேகை ஒப்பீட்டுக்கு அடித்தளம் உண்டு என்றாலும் பிழை வீதம் பலர் நினைப்பதைவிட அதிகம் என்றும், பல்தட ஒப்பீடு அந்த அளவுகோலை எட்டவில்லை என்றும் கூறியதையும் நாங்கள் வரிவரியாக விவாதித்தோம். தாம் வாழ்நாள் முழுவதும் செய்த தொழிலின் பலவீனத்தை மாணவர் முன் விரித்துக் காட்டும் ஆசிரியர் கிடைப்பது பேறு. அந்த வகுப்புக்குப் பிறகு எங்கள் செய்முறைகளில் வழக்கின் பின்னணித் தகவல் அடங்கிய தாளை ஒப்பீடு முடியும் வரை உறையிலிட்டு ஒட்டி வைத்துவிடுவார்கள்.

இந்தப் படிப்பில் எனக்கு மிகவும் பிடித்ததும், பிறரிடம் தயங்காமல் பரிந்துரைப்பதும் மாதிரி நீதிமன்றப் பயிற்சி. நாங்களே ஆய்ந்த மாதிரிக்கு நாங்களே எழுதிய அறிக்கையை வைத்துக்கொண்டு சாட்சிக் கூண்டில் நிற்க வேண்டும். சட்டக் கல்லூரி மாணவர்கள் குறுக்கு விசாரணை செய்வார்கள். நீதிபதியின் இடத்தில் அனுபவமுள்ள வழக்கறிஞர் ஒருவர் இருப்பார். கேள்விகள் அறிவியலின் நுட்பத்தில் தொடங்குவதில்லை. மாதிரியை உங்களிடம் கொடுத்தவர் யார், முத்திரை உடையாமல் இருந்ததா, அதைப் பதிவு செய்தீர்களா, அறிக்கையில் இருக்கும் நேரமும் கருவியின் பதிவேட்டில் இருக்கும் நேரமும் ஏன் வேறுபடுகின்றன என்று தொடங்கும். பிறகு 'ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லுங்கள்' என்ற அழுத்தம் வரும். அந்த இரண்டில் எதையும் பதிலாகச் சொல்ல முடியாத கேள்விக்கு, அப்படிச் சொன்னால் நீதிமன்றத்தைத் தவறாக வழிநடத்துவதாகும் என்று பணிவோடும் உறுதியோடும் விளக்கப் பழகுவது எளிதன்று. தெரியாததைத் தெரியாது என்று கூண்டில் நின்று சொல்லும் துணிவு பயிற்சியால் வருவது என்பதை அங்கே கண்டேன்.

அந்தப் பயிற்சிக்குப் பிறகு எங்கள் அறிக்கைகளின் நடையே மாறியது. அளவீட்டின் ஐயப்பாட்டு எல்லையைக் குறிப்பிடத் தொடங்கினோம். செய்யாத சோதனைகளையும் 'செய்யப்படவில்லை' என்று எழுதத் தொடங்கினோம். வேறு விளக்கம் இருக்கக்கூடிய இடத்தில் அதையும் குறித்தோம். ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் நடக்கும் இப்பயிற்சியை ஒவ்வொரு பருவத்திலும் நடத்தினால், பயிற்சி வீட்டுக்கு ஆகும் செலவில் ஒரு பங்கிலேயே அதைவிடப் பன்மடங்கு பயன் விளையும்.

களப்பயிற்சி குறித்து நல்லதாகச் சொல்ல அதிகம் இல்லை. 'செயல்படும் ஆய்வகத்தில் பயிற்சி' என்று வாக்களித்திருந்தார்கள். எங்கள் தொகுப்பில் சிலருக்கே அது வாய்த்தது. நடப்பு வழக்குகளின் இரகசியத்தைக் காக்க வேண்டிய ஆய்வகங்கள் மாணவரை எளிதில் உள்ளே விடுவதில்லை, அது நியாயமானதே. வாக்குறுதியைக் கையேட்டில் அச்சிடும்போதே அந்த வரம்பையும் அச்சிட்டிருக்க வேண்டும். வழக்குகளைத் தொட முடியாத நிலையில் ஆய்வேட்டுக்குச் சிறந்த வழி, ஒரு முறையைச் சரிபார்க்கும் பணியை எடுத்துக்கொள்வது. குருதி கெடாமல் காக்கச் சேர்க்கும் சோடியம் ஃபுளுரைடைச் சேர்த்தும் சேர்க்காமலும் வைத்த குருதி மாதிரிகளில், வெவ்வேறு வெப்பநிலைகளில், சில மருந்துகளின் அளவு எப்படிக் குறைகிறது என்று நான் ஆய்ந்தேன். பெரிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. ஆனால் பணி நேர்காணலில் என்னிடம் கேட்ட கேள்விகளில் பாதிக்கு மேல் அந்த ஆய்வேட்டைப் பற்றியவைதாம்.

இனி வேலை. இதில் ஒளிவுமறைவு இல்லாமல் பேச வேண்டும். தடய ஆய்வகங்களில் பணியிடங்கள் குறைவு. படித்து வெளிவருபவர்கள் அதிகம். அதே இடங்களுக்கு வேதியியல், உயிர்வேதியியல், மூலக்கூறு உயிரியல் ஆகியவற்றில் முதுநிலை முடித்தவர்களும் போட்டியிடுகிறார்கள், பல தேர்வாளர்கள் அவர்களையே விரும்பவும் செய்கிறார்கள். ஆகவே இளநிலையில் ஓர் அடிப்படை அறிவியலை ஆழமாகப் படித்துவிட்டு முதுநிலையில் தடய அறிவியலுக்கு வருவது, இரண்டு நிலைகளிலும் தடய அறிவியலையே படிப்பதைவிடப் பாதுகாப்பானது என்பது என் உறுதியான கருத்து. பணியில் சேர்ந்தாலும் உடனே அறிக்கையில் கையெழுத்திட விட மாட்டார்கள். மூத்தவரின் மேற்பார்வையில் பயிற்சி, தகுதித் தேர்வு, பிறகே தனி அறிக்கை. அதன் பின்னும் விடை மறைத்து அனுப்பப்படும் மாதிரிகளைக் கொண்டு திறன் அவ்வப்போது சோதிக்கப்படும். சோதனை ஆய்வகங்களுக்கான ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. 17025 தரநிலையின் கீழ் இயங்கும் ஆய்வகத்தில் ஆவணப் பணி எவ்வளவு என்பதைப் படிப்பின்போதே ஓரளவு சுவைத்துப் பார்க்க வைத்திருந்தால் பலருக்கு அதிர்ச்சி குறைந்திருக்கும்.

நிலையான துறை என்று நம்பி வருபவர்கள் ஒரு செய்தியை அறிந்திருக்க வேண்டும். இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளுக்கு நெடுங்காலம் பணியாற்றிய அரசுடைமைத் தடய அறிவியல் சேவை நிறுவனம் 2012-இல் மூடப்பட்டது. உலகப் புகழ்பெற்ற நிபுணர்கள் பலர் வேறு பணி தேட நேர்ந்தது. எனவே, கற்ற திறனை வேறு எங்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று முன்கூட்டியே பார்த்துவைப்பது நல்லது. மருந்து நிறுவனங்களின் தரக்கட்டுப்பாடு, உணவுக் கலப்படச் சோதனை, விளையாட்டு வீரர்களின் ஊக்கமருந்துச் சோதனை, சுங்க ஆய்வகம், மருத்துவமனை நச்சியல், தீவிபத்துக் காரண ஆய்வு ஆகியவை எங்கள் தொகுப்பினர் இன்று இருக்கும் இடங்கள். அவர்களில் யாரும் படித்தது வீண் என்று சொல்லவில்லை. வெற்று ஓட்டமும் பதிவேடும் எல்லா இடத்திலும் ஒன்றே.

எண்முறைத் தடயவியல் வேகமாக வளர்கிறது. கைப்பேசியிலும் கணினியிலும் இருக்கும் தரவை, மூலத்தில் எதுவும் எழுதப்படாதபடி தடுக்கும் கருவிவழிப் படியெடுத்து, படியும் மூலமும் ஒன்றே என்பதைத் தரவிலிருந்து கணக்கிடும் அடையாள எண்ணான ஹாஷ் எண்ணால் நிறுவி ஆய்வது அதன் அடிப்படை. கணினி அறிவியல் பின்னணி இல்லாதவருக்கு ஒரே ஒரு விருப்பத்தாள் இதற்குப் போதாது. அதில் ஈடுபாடு உள்ளவர் அதற்கெனவே அமைந்த முதுநிலைப் படிப்பை நாடுவதே நல்லது. உடற்கூறாய்வு செய்து இறப்புக்குக் காரணம் சொல்லும் பணியில் ஆசை உள்ளவர் மருத்துவப் பட்டம் பெற்று அதன் வழியேதான் செல்ல வேண்டும். பல் அடையாள ஆய்வுக்குப் பல் மருத்துவப் பட்டம் வேண்டும். இந்த முதுநிலைப் பட்டம் அந்தக் கதவுகளைத் திறக்காது. சேர்க்கையின்போது இதைத் தெளிவாகச் சொல்லாமல் விட்டதால் ஏமாந்த ஒருவரை நேரில் அறிவேன்.

மனச்சுமை பற்றிப் பாடத்திட்டத்தில் ஒரு வரியும் இல்லை. நச்சியல் மேசைக்கு வரும் சிறு புட்டிகளில் குழந்தைகளின் குருதியும் உண்டு. எண்முறைப் பிரிவினர் பார்க்க நேரும் படங்கள் அதைவிடக் கொடியவை. வழக்கின் விவரத்தை அறியாமல் ஆய்வதே முறை என்றாலும், புட்டியின் மேல் எழுதியிருக்கும் வயது கண்ணில் படாமல் போகாது. பணியிடங்கள் மெல்ல இதைக் கவனிக்கத் தொடங்கியிருக்கின்றன. ஆனால் முதல் அதிர்ச்சிக்கு மாணவரைத் தயார்செய்வது பல்கலைக்கழகம் ஏற்க வேண்டிய பொறுப்பு என்று நான் அழுத்தமாகக் கருதுகிறேன்.

சேர நினைப்பவர் துறைக்குச் சென்று நேரடியாகக் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. ஆசிரியர்களில் எத்தனை பேர் உண்மை வழக்குகளில் அறிக்கை எழுதி நீதிமன்றத்தில் சாட்சியம் அளித்தவர்கள் என்பது முதல் கேள்வி. நிறைநிறமாலைமானி இருக்கிறதா என்று கேட்பதைவிட, ஒரு மாணவர் அதைத் தன் கையால் எத்தனை மணி நேரம் இயக்குவார் என்று கேளுங்கள். கண்ணாடிக்கு அப்பால் நின்று பார்க்கும் கருவி எதையும் கற்பிக்காது. புள்ளியியல் கட்டாயத் தாளா, மாதிரி நீதிமன்றம் உண்டா, களப்பயிற்சி எழுத்தில் உறுதி செய்யப்படுகிறதா, கடந்த சில ஆண்டுகளில் முடித்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள் என்பவற்றுக்கும் பதில் பெறுங்கள். சில நாடுகளில் தொழில்சார் அமைப்புகள் இப்படிப்புகளை ஆய்ந்து அங்கீகரிக்கின்றன. அமெரிக்காவில் அமெரிக்கத் தடய அறிவியல் கழகம் அமைத்த கல்வி அங்கீகார ஆணையமும், பிரிட்டனில் பட்டயத் தடய அறிவியல் சங்கமும் அவ்வாறு செய்கின்றன. அத்தகைய அங்கீகாரம் இருந்தால் கல்வித்தரம் ஓரளவுக்கு உறுதி. இருந்தாலும் மேற்சொன்ன கேள்விகளைக் கேட்காமல் விட வேண்டாம்.

நான் படித்த துறைக்கு மதிப்பெண் இடச் சொன்னால், கருவிமுறைப் பகுப்பாய்வு, நச்சியல், ஒப்பீட்டு முறைகள், மாதிரி நீதிமன்றம் ஆகியவற்றுக்கு முழு மதிப்பெண்ணுக்கு அருகிலும், டி.என்.ஏ. தாளுக்கு நடுத்தரத்துக்கு மேலும், புள்ளியியலுக்கும் களப்பயிற்சிக்கும் தேர்ச்சிக்குக் கீழும் இடுவேன். அளவுகளில் பொறுமையும் எழுத்தில் கட்டுப்பாடும் உள்ள, அடிப்படை அறிவியல் ஒன்றில் ஏற்கெனவே காலூன்றிய மாணவருக்கு இதை முழு மனத்தோடு பரிந்துரைக்கிறேன். ஆய்வக வேலையில் மட்டும் ஆர்வமுள்ளவர், சாட்சிக் கூண்டில் நிற்பதை விரும்பாதவர், பகுப்பாய்வு வேதியியலில் முதுநிலை படிப்பதே நல்லது; ஆய்வக வேலைவாய்ப்பு அவருக்கு இதைவிட விரிந்ததாகவே இருக்கும். சேர்பவர்கள், துறை கற்பிக்காவிட்டாலும், முதல் பருவத்திலிருந்தே புள்ளியியல் துறையின் நிகழ்தகவு வகுப்பில் அனுமதி கேட்டு அமர்ந்துவிடுங்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் அதற்குத் தடை இருக்காது.